எட்டாம் நம்பர் வீட்டு ஆம்ப்ளிஃபயர்

தேவாலாவில் ஆடி மழைக்கு
சத்தம் குறைக்கும் திருகு கிடையாது.
லயத்துத் தகரத்தில் அது இறங்கத் தொடங்கினால்
அடுப்பில் குக்கர்கூட
வெறுமனே வாயசைத்துவிட்டு ஓயும்.

ஒற்றைச் சிப்பில் முன்பே ஒன்று கட்டியிருந்தேன்.
வெயில் நாளில் பாடும்.
ஜூன் பிறந்துவிட்டால்
பெட்டிக்குள் யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி இருக்கும்.
கரண்டும் அப்போது மெலிந்துதான் வரும்,
இருநூற்று முப்பது வரவேண்டிய இடத்தில்
நூற்றெண்பது,
அட்வான்ஸ் பிடித்த சம்பளம்போல.

ஆக, இரண்டு சிப். நடுவே பாலம்.

கோவையிலிருந்து மூன்று வந்தன.
கூடலூர் பஸ் ஸ்டாண்டில் நனைந்து நின்று வாங்கினேன்.
தின்னர் தொட்டுத் துடைத்ததும்
ஒன்றின் பெயர் பஞ்சோடு வந்துவிட்டது.
மற்ற இரண்டும் பெயரை விடவில்லை.
பதினொரு கால், முதுகில் ஒரு தகடு.
தகட்டில் மைனஸ் வோல்ட் குடியிருக்கிறது,
அலுமினியத்தோடு நேராக முறுக்கக் கூடாது.
இடையில் மைக்கா, வெள்ளைப் பசை,
திருகாணிக்கும் ஒரு நைலான் சட்டை.
(அலுமினியம் ஃபேக்டரியில் கழித்த வெல்டிங் செட்டுடையது.
எடைக்குப் பணம் கட்டினேன்; ரசீது இருக்கிறது.)

நாற்பது ரெசிஸ்டரை மீட்டரில் வைத்தேன்.
எல்லாவற்றிலும் ஒரே வண்ணக் கோடு,
ஒவ்வொன்றும் ஒவ்வொரு எண் சொன்னது.
ஒத்துப்போகிற ஜோடி அமைவதற்குள்
நைட் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது.

ஒரே பாட்டைத்தான் கொடுக்கிறேன்,
ஒருத்திக்கு நேராக,
மற்றவளுக்குக் குப்புறப் போட்டு.
அவள் ஏறும்போது இவள் அதே அளவு இறங்க வேண்டும்.
சில்வர் ஓக் அறுக்கும் நீள ரம்பம்போல,
அந்தப் பக்கம் இழுக்க, இந்தப் பக்கம் விட,
நடுவில் ஸ்பீக்கர்.
எட்டு ஓமில் ஆளுக்கு நான்குதான் தெரியும்.
ஓம் பாதியானால் பாரம் இரட்டை.
இந்த ஒரு கணக்கைத்
தலைகீழாகத்தான் படிக்க வேண்டும்.

ஸ்டோர் சதாசிவம் டெஸ்டரோடு வந்தார்.
'ஏம்மா, இதுல எர்த் எந்தப் பக்கம்?'
எந்தப் பக்கமும் இல்லை.
'ஒண்ணாவது மண்ணுல இருக்கணுமே?'
இருந்தால் சிப் போய்விடும் என்றேன்.
மூலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அப்பா
அறுபத்தொன்பது வயதில், பதுளையில் பிறந்து,
இங்கே மூன்று தடவை விண்ணப்பம் எழுதியவர்,
தலை நிமிராமல் சொன்னார்:
'அப்ப நம்ம கேஸு.'
சதாசிவம் சிரிப்பதா என்று பார்த்தார்.
அப்பா சிரித்தபிறகு சிரித்தார்.

முதல் கரண்டை ஒரு குண்டு பல்பு வழியாக விட்டேன்.
பல்பு பளிச்சிட்டு மங்கியது.
மங்கினால் நல்லது.
ஸ்பீக்கர் முனைகளுக்கிடையே ஒன்பது மில்லிவோல்ட்.
குங்கிலியப் புகை கண்ணில் கரித்தது.
மழை வரட்டும் என்று காத்திருந்தேன்.
வந்தது. இங்கே வராமல் எங்கே போகும்.

மாரியம்மன் திருவிழாவில் போனில் பிடித்த தப்பு.
முதல் அடி விழுந்ததும்
அலமாரித் தட்டுகள் பேசிக்கொண்டன.
மழைக்கு மேலே கேட்டது.
மழையைத் தள்ளிவிட்டுக் கேட்டது.

சுவரில் ஏழாம் நம்பர் இடித்தாள்.
ஜெபமலர். நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்திருப்பவள்.
சட்டென்று அணைத்தேன்.
திரும்பவும் இடி.
பிறகு கதவில்.
தலையில் சாக்குக் கொங்காணி,
கண்ணில் பாதித் தூக்கம்:
'எதுக்கு நிறுத்துன?'

போட்டேன்.
வாசலில் நின்று கொஞ்சம் கேட்டாள்.
'ஒண்ணாம் நம்பர் வரைக்கும் போகுதான்னு
பாத்துட்டு வாரேன்'
என்று மழைக்குள் இறங்கிப் போனாள்.

அலுமினியத்தில் இரண்டு சிப்புக்கும்
ஒவ்வொரு விரல் வைத்தேன்.
ஒரே சூடு.
இரண்டு ஒயரும் எதிலும் படாமல் அதிர்ந்துகொண்டிருந்தன.
ஏழு வீடுதான்.
அவளை இன்னும் காணோம்.